இடைக்கால ஸ்பெயினின் இலக்கியமும் சமயமும்: ஆய்வுக் குழுவில் புதிதாகச் சேருபவருக்கு முதல் ஆறு மாதம்

முதல் நாள் குழுக் கூட்டத்தில் மேசையைச் சுற்றி எட்டுப் பேர். மொழி வரலாறு படித்தவர் ஒருவர், இறையியல் ஒருவர், எபிரேயம் ஒருவர், அரபு ஒருவர், ஓவியம், இசை, கணினி என்று ஆளுக்கொரு திக்கு, நடுவில் முதன்மை ஆய்வாளர். ஸ்பானிய மொழியில் வேகவேகமாகப் பேசினார்கள். அன்று இரவே எல்லாத் துறைக்கும் அறிமுக நூல்களைத் தேடி நீளமாக ஒரு பட்டியல் போட்டேன். நான்கு மாதம் அந்தப் பட்டியலோடு மல்லுக்கட்டியும் எதுவும் மனத்தில் தங்கவில்லை.

இப்படிப்பட்ட குழுவில் புதிதாகச் சேரப்போகிறேன் என்று யாராவது எழுதிக் கேட்டால் இப்போது நான் சொல்வது இதுதான்: எல்லாத் துறையையும் படித்து முடிக்கப் பார்க்காதீர்கள். ஒரே ஒரு சுவடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேசைக்கும் போங்கள். அந்தச் சுவடி கேட்கும் அளவுக்கு இறையியல், அது கேட்கும் அளவுக்கு எபிரேயம். அதை எப்படிச் செய்வது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

போகும் முன்

ஸ்பானிய மொழி சரளமாகப் பேச வராவிட்டாலும், வேகமாகப் படிக்க வர வேண்டும். லத்தீன் இலக்கணம் அடிப்படை அளவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். இன்றைய ஸ்பானியத்தின் முந்தைய வடிவமான பழைய கஸ்தீலிய மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். இன்றைய ஸ்பானியம் தெரிந்தவருக்கு 13-ஆம் நூற்றாண்டு எழுத்து, நமக்கு ஆழ்வார் பாசுரம் போலத்தான். கொஞ்சம் பழகினால் திறந்துகொள்ளும். அதிலும் கோன்சாலோ தே பெர்சேயோ போன்ற கவிஞர் நமக்காகவே எழுதியது போல இருப்பார். சான் மில்யான் மடத்தோடு தொடர்புள்ள அந்தக் குரு, ஊர் மக்கள் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசும் மொழியிலேயே புனிதரின் கதையைச் சொல்கிறேன் என்றும், அதற்கு ஒரு கிண்ணம் நல்ல திராட்சை மது தகும் என்றும் எழுதியவர்.

கூடவே வுல்காத்தா என்ற லத்தீன் விவிலியத்தையும், ஒரு தமிழ் விவிலியத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் விவிலியம் எதற்கு என்பது பின்னால் வரும்.

முதல் வாரம்: விண்ணப்பத்தைக் கேட்டு வாங்குங்கள்

குழு எழுதிய நூல்களை விட, குழு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தை முதலில் படியுங்கள். ஸ்பெயினில் அரசு நிதி பெறும் திட்டங்கள் பெரும்பாலும் 3 அல்லது 4 ஆண்டுக்கானவை. நீங்கள் சேருவது முதல் ஆண்டிலா, கடைசி ஆண்டிலா என்பதை வைத்தே உங்கள் வேலை அமையும். முதல் ஆண்டு என்றால் சுவடி தேடுவது, பட்டியல் போடுவது. கடைசி ஆண்டு என்றால் அச்சுப்படி திருத்துவது, மாநாட்டுக்கு ஓடுவது. விண்ணப்பத்தில் யார் எதைச் செய்வதாக எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டால், யாரிடம் எந்தக் கேள்வியோடு போகலாம் என்பதும் தெரிந்துவிடும்.

இரண்டாம் வாரம்: சுவடியைத் தேர்ந்தெடுங்கள்

சின்னதாக இருக்கட்டும். நல்ல அச்சுப் பதிப்பு இருக்கட்டும். பிரதி ஒன்றே ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. 13-ஆம் நூற்றாண்டுக் கஸ்தீலிய அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் கன்னி மரியா பாடல் தொகுப்பில் எல்லாருக்கும் ஆசை வரும். இசை, ஓவியம், கவிதை, பக்தி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. ஆனால் 400-க்கு மேல் பாடல்கள், நான்கு சுவடிகள். அதில் இறங்கினால் ஆறு மாதத்தில் கரையேற முடியாது. தொலேதோ பேராலயத்தில் கிடைத்த மூன்று ஞானிகள் நாடகம் 147 வரிதான். அது நல்ல தேர்வு.

நான் எடுத்துக்கொண்டது தெரேசா தே கார்தஹேனாவின் சுவடி. 15-ஆம் நூற்றாண்டு, பூர்கோஸ் நகரத்துக் குடும்பம், கன்னியாஸ்திரி. இளம் வயதிலேயே காது கேட்காமல் போனவர். நோயாளிகளுக்கான சோலை என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆறுதல் நூல் எழுதினார். இதை ஒரு பெண் எழுதியிருக்க முடியுமா என்று சிலர் வியந்து பேச, அதற்குப் பதிலாக இன்னொரு நூலும் எழுதினார். இரண்டும் ஒரே ஒரு பிரதியில் நமக்குக் கிடைத்திருக்கின்றன. பேரோ லோபெஸ் தெல் திரிகோ என்பவர் 1481-இல் எழுதிய அந்தப் பிரதி இப்போது எல் எஸ்கோரியால் அரச மட நூலகத்தில் இருக்கிறது.

மூன்றாம் வாரம் முதல்: மேசை மேசையாகப் போங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் உயிர். அதனால் என் சுவடியை வைத்தே நிதானமாகச் சொல்கிறேன்.

தெரேசாவின் முதல் நூலின் தொடக்கத்தில், துயரம் என்ற அடர்ந்த மேகம் அவரைச் சூழ்ந்து, சூறாவளியாய்த் தூக்கிக்கொண்டுபோய் ஒரு தீவில் விடுகிறது. அந்தத் தீவுக்கு ஒரு லத்தீன் பெயர்: மனிதரின் நிந்தை, மக்களின் இகழ்ச்சி என்று பொருள். இலக்கியம் படித்தவள் என்ற முறையில் நான் அதை உருவகம் என்று குறித்துவைத்தேன். கடல், தீவு, தனிமை, செவிட்டுத்தன்மை எல்லாம் பொருந்தி வந்தன. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்தப் பக்கத்தை இறையியல் படித்த சக ஆய்வாளரிடம் கொண்டுபோனேன். வரியைப் பார்த்ததும் மெல்லிய குரலில் லத்தீனில் அடுத்த வரியைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அது திருப்பாடல் வரி. நான் ஒரு புழு, மனிதனல்ல என்று தொடங்கும் இடம். சரி, மேற்கோள் எங்கிருந்து என்று தெரிந்துவிட்டது என்று எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். "அந்தப் பாடலின் முதல் வரி என்ன, பாருங்கள்" என்றார். என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர். சிலுவையில் இயேசு சொன்ன சொல்.

கன்னியாஸ்திரி மடத்தில் திருப்பாடல்கள் நாள்தோறும் மாறி மாறி ஓதப்படும். தெரேசாவுக்கும், அவர் நூலைப் படித்த மற்ற கன்னியாஸ்திரிகளுக்கும் அந்த ஒரு துண்டு போதும். முழுப் பாடலும் நினைவுக்கு வந்துவிடும். ஊர் இகழ்ந்து ஒதுக்கிய தீவு என்று நான் படித்த இடம், அவர்களுக்குச் சிலுவைக்குப் பக்கத்து இடம். இதை எந்த உருவக அகராதியும் எனக்குச் சொல்லியிருக்காது. அன்று முதல் லத்தீன் துண்டு ஒன்று வந்தால், அதற்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படித்த பிறகே குறிப்பு எழுதுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இங்கேதான் தமிழ் விவிலியம். வுல்காத்தாவில் அந்தப் பாடலின் எண் 21, தமிழில் 22. திருப்பாடல்களில் பெரும்பகுதிக்கு லத்தீன் எண் ஒன்று குறைவாகவே இருக்கும். வசன எண்ணும் சில இடங்களில் மாறும். தெரேசா நீளமாக விளக்கும் கடிவாள வரி லத்தீனில் 31-ஆம் பாடல். நம் விவிலியத்தில் 32-ஆம் பாடலைத் திறந்தால் குதிரையும் கோவேறு கழுதையும் கடிவாளமும் இருக்கும். எந்த எண்ணிக்கைப்படி எழுதுகிறீர்கள் என்று முதல் குறிப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்து வரலாற்று மேசை. தெரேசாவின் தாத்தா பாப்லோ தே சாந்தா மரியா, பிறந்தபோது சாலமோன் ஹலேவி. பூர்கோஸில் ரபியாக, அதாவது யூத மதகுருவாக இருந்து, ஞானஸ்நானம் பெற்று, பின்னாளில் அதே ஊருக்கு ஆயரானவர். இடையில் கார்தஹேனா மறைமாவட்டத்தின் ஆயராக இருந்ததால்தான் குடும்பத்துக்கு அந்தப் பெயர். பெரியப்பா முறையோ சித்தப்பா முறையோ, அல்ஃபோன்சோ தே கார்தஹேனா என்ற அலோன்சோவும் பூர்கோஸின் ஆயர். 1449-இல் தொலேதோவில் கலகம் எழுந்து, யூதத்திலிருந்து மதம் மாறியவர்களின் வழிவந்தவர்கள் நகரப் பதவி வகிக்கக்கூடாது என்று விதி செய்தபோது, அதை எதிர்த்து லத்தீனில் ஒரு பெரிய நூல் எழுதியவர் அவர். தெரேசா பிரான்சிஸ்கன் சபையிலிருந்து சிஸ்டர்சியன் சபைக்கு மாற அனுமதி கேட்டு போப்பிடம் போன மனுவும் அதே 1449.

இந்த இரண்டு 1449-ஐயும் பார்த்ததும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். ஒரே ஆண்டு என்பது ஒரு கேள்வி, விடை ஆகாது. வரலாற்றுக்காரர் உங்களைக் கேட்பார்: மனு எந்த மாதம், கலகம் எந்த மாதம், மனுவில் காரணம் என்ன சொல்லியிருக்கிறது? அந்த மூன்றையும் எழுதிக்கொண்டு போனால்தான் பேச்சு தொடங்கும்.

எபிரேயம் தெரிந்தவரிடம் போகும்போது ஒரு விஷயத்தில் கவனம். தெரேசா கிறிஸ்தவராகப் பிறந்து, கிறிஸ்தவராக வளர்ந்து, கன்னியாஸ்திரியாக வாழ்ந்தவர். அவரை யூதப் பெண் எழுத்தாளர் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால், தொலேதோ கலகக்காரர்கள் இரத்தத்தை வைத்துச் சொன்னதையே நாமும் சொன்னதாகிவிடும். கேட்க வேண்டிய கேள்வி வேறு: இவர் விவிலியத்தைப் படிக்கும் விதத்தில் ரபிகளின் உரை மரபு எங்கேனும் தெரிகிறதா, எந்த வரியில்?

சுவடியியல் மேசையில் கேள்விகள் எளிமையாக இருக்கும், பதில்கள் கனமாக இருக்கும். தாள்களை மடித்துச் சேர்த்த மடிப்புக் கட்டுகள் எத்தனை? ஒவ்வொரு கட்டின் கடைசியிலும் அடுத்த கட்டின் முதல் சொல் குறிக்கப்பட்டிருக்கிறதா? (அதை அங்கே ரெக்லாமோ என்பார்கள்.) அதே தொகுப்பில் வேறு என்ன நூல்கள் சேர்ந்திருக்கின்றன? கடைசிக் கேள்வியைத் தவறவிடாதீர்கள். ஒரு பெண்ணின் நூலை யார் எதோடு சேர்த்துப் படித்தார்கள் என்பதற்கு நேரடிச் சாட்சி அந்தக் கட்டுதான்.

எழுத்தும் தேதியும்

தொல்லெழுத்துப் பயிற்சிக்கு நாளுக்கு அரை மணி நேரம், விடாமல். ஒரு நாளில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து பயனில்லை. முதலில் அச்சுப் பதிப்பை மூடிவைத்துவிட்டு பத்து வரி எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

சுருக்கக் குறிகளில் ஒன்றை மட்டும் இங்கே காட்டுகிறேன். கிறிஸ்து, கிறிஸ்தவர் என்ற சொற்கள் வரும் இடத்தில் எக்ஸ் (x) போல ஒன்று, பி (p) போல ஒன்று, மேலே ஒரு கோடு இருக்கும். லத்தீன் எழுத்தாகப் படித்தால் பொருளே வராது. அவை கிரேக்கத்தின் கீ, ரோ. கிறிஸ்துவின் பெயரை மட்டும் கிரேக்க எழுத்தில் சுருக்கும் பழக்கம் நூற்றாண்டுக்கணக்கில் கைமாறி வந்து, கிரேக்கம் தெரியாத எழுத்தர் கையிலும் நின்றுவிட்டது. அந்த இரண்டு எழுத்தை விரித்து எழுதும்போது எச் (h) என்ற எழுத்தைச் சேர்ப்பதா வேண்டாமா என்று குழுவுக்குள் ஒரு விதி இருக்கும். கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

தேதியில் நான் பட்ட அடி இது. 13-ஆம் நூற்றாண்டு மடத்து ஆவணம் ஒன்றில் 1268 என்று இருந்ததைப் பார்த்து, குழுவின் பொதுப் பட்டியலில் அப்படியே ஏற்றிவிட்டேன். ஸ்பெயினில் அப்போது புழங்கியது ஸ்பானிய சகாப்தம். நம் ஆண்டுக்கு 38 ஆண்டு முன்னால் போகும். கழித்தால் 1230. என் பட்டியலை நம்பி இன்னொருவர் ஒரு வாரம் தவறான மடத்துத் தலைவரைத் தேடிக்கொண்டிருந்தார். நம் கல்வெட்டில் சக ஆண்டோடு 78 கூட்டுகிறோமே, அதே கணக்கு, இங்கே கழித்தல். பழைய ஸ்பானிய வீரகாவியமான சித் காவியத்தின் ஒரே சுவடியின் கடைசியில் பெர் அபாத் என்ற பெயரோடு 1245 என்று இருக்கும். அதை 1207 என்று படிப்பது இதனால்தான். அங்கே நூறைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்கு அடுத்து ஓர் இடைவெளி இருக்கிறது. மூன்றாவதாக ஒரு நூறு இருந்து சுரண்டப்பட்டதா என்பது பழைய சண்டை.

கஸ்தீலியாவில் 1383-இல் இந்தச் சகாப்தத்தைக் கைவிட்டார்கள். அதனால் தெரேசா சுவடியின் 1481-இல் எதையும் கழிக்க வேண்டாம். அரகோனில் அது 1350, போர்ச்சுகலில் 1422. இந்த மூன்று ஆண்டுகளையும் மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள்.

அரபு மேசையில் நமக்கு ஒரு சொந்தம்

குழுவில் அரபு படித்தவர் இருந்தால், அவர் ஒரு நாள் உங்களுக்கு அல்ஹமியாதோ சுவடியைக் காட்டுவார். மொழி ஸ்பானியம், எழுத்து அரபு. மற்ற புதியவர்கள் திகைப்பார்கள். காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் அரபுத்தமிழ் நூலைப் பார்த்தவர் யாரும் திகைக்க மாட்டார். நான் அரபுத்தமிழைப் பற்றிச் சொன்னபோது அவர் காபியை வைத்துவிட்டு, அரபில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார். இருக்கும் எழுத்தில் புள்ளி கூட்டியோ குறி கூட்டியோ சமாளித்ததைச் சொன்னேன். அங்கேயும் அதே சிக்கல். அரபில் p ஒலிக்கு எழுத்து இல்லை என்பதால், b ஒலிக்கான எழுத்தின் மேல் இரட்டிப்புக் குறியை வைத்து அதை p ஆக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்த மேசையில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு. உங்களிடம் இப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

யூசுஃப் காவியம் என்ற நூலை அவசியம் பாருங்கள். குர்ஆனின் 12-ஆம் அத்தியாயம் சொல்லும் யூசுஃப் நபியின் கதை; அரபு எழுத்தில் ஸ்பானிய மொழி; யாப்போ பெர்சேயோ மரியாவின் அற்புதங்களைப் பாடிய அதே நான்கடி, ஒரே இயைபு. பக்கத்து வீட்டுத் திண்ணையில் கேட்ட மெட்டு இந்த வீட்டுக்குள்ளும் ஒலிக்கிறது. இத்தகைய நூல்கள் எவ்வளவு தற்செயலாகப் பிழைத்தன என்பதற்கு அல்மொனாசித் தே லா சியேரா ஊரைச் சொல்வார்கள். 1884-இல் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, போலித் தளத்துக்கு அடியில் ஒளித்துவைத்த நூல்கள் வெளிவந்தன. பல அங்கேயே அழிந்தன. மீந்தவற்றில் பெரும்பகுதி இன்று மாட்ரிட்டில் அரசு ஆய்வு மன்றத்தின் நூலகத்தில் இருக்கிறது.

பஞ்சதந்திரக் கதைகள் அரபு வழியாக 1251-ஐ ஒட்டிக் கஸ்தீலிய மொழிக்கு வந்ததும் இதே பாதைதான். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

கருவிகள்

மூன்று போதும், தொடக்கத்துக்கு. எந்தப் படைப்பு எந்தச் சுவடியில், எந்த நூலகத்தில் என்று தேட பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஃபிலோபிப்லோன். அதில் படைப்புக்கு ஓர் எண், சுவடிக்கு ஓர் எண் தனித்தனியாக இருக்கும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். படங்களுக்கு ஸ்பெயின் தேசிய நூலகத்தின் டிஜிட்டல் தொகுப்பு, இலவசம். ஒரு சொல் எப்போது, எங்கே புழங்கியது என்று பார்க்க ஸ்பானிய அரச அகாதெமியின் கோர்தே சொல்வங்கி.

கையெழுத்தைக் கணினியே படிக்கும் டிரான்ஸ்கிரிபஸ் போன்றவற்றை உங்கள் குழு பயன்படுத்தலாம். முதல் மூன்று மாதம் அதைத் தொடாதீர்கள் என்பது என் கருத்து. கண் பழகுவதற்கு முன் இயந்திரத்தின் வாசிப்பைப் பார்த்தால், அது தவறும் இடத்தில் நீங்களும் தவறுவீர்கள்.

வாசக அறை

மூலச் சுவடியைப் பார்க்கப் போகும் முன் படத்தில் முழுவதையும் படித்து முடித்திருங்கள். படத்தில் தீராத கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். அனுமதிக்குப் பல நாள் முன்பே எழுத வேண்டியிருக்கும். பாஸ்போர்ட்டும் குழுத் தலைவரின் கடிதமும் கையில் இருக்கட்டும். ஆகஸ்டில் போக நினைத்தால் திறந்திருக்கும் நேரத்தை இரண்டு தடவை சரிபாருங்கள்.

எல் எஸ்கோரியால் மாட்ரிட்டிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர், ரயிலில் போய்விடலாம். பெரிய நூலக மண்டபத்தில் புத்தகங்களின் முதுகு சுவர்ப் பக்கமும், பொன் பூசிய தாள் விளிம்பு நம் பக்கமுமாக அடுக்கியிருப்பார்கள். 1671-இல் அங்கே பெருந்தீ. ஆயிரக்கணக்கான சுவடிகள் போயின. தெரேசாவின் நூல்களுக்கு வேறு பிரதியே கிடையாது என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைத் திருப்பியபோது எனக்குக் கை நடுங்கியது.

குழுவோடு இருப்பது

அங்கே பேராசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், நீ என்றுதான் பேசுவார்கள். ஐயா, அம்மா என்று பழகிய நாக்குக்குச் சில வாரம் ஆகும். மரியாதைக் குறைவு என்று நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள். மதிய உணவு மேசையில்தான் பாதி ஆராய்ச்சி நடக்கிறது.

குழுவில் பக்தி உள்ளவர் இருப்பார், இல்லாதவர் இருப்பார். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் சுவடியில் உள்ள நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு இலக்கிய நயம் மட்டும் பார்க்க வந்தால் இங்கே வேலை ஓடாது. தெரேசா தன் செவிட்டுத்தன்மையைக் கடவுள் காட்டிய மௌனச் சைகையாகப் படிக்கிறார். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம், யார் எழுத்துப்பெயர்ப்பு செய்தது, யார் சரிபார்த்தது என்று ஒவ்வொரு கோப்பிலும் பெயரும் தேதியும் போடுங்கள். நான் எழுதிக்கொடுத்த இருபது பக்கம் ஒருமுறை வேறொருவர் உரையில் என் பெயரில்லாமல் வந்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, கோப்பில் பெயர் இல்லை, அவ்வளவுதான். அதன் பிறகு எங்கள் குழுவில் பெயரில்லாத கோப்பைப் பொது அடைவில் ஏற்றுவதில்லை.

ஆறாம் மாதம்: இருபது நிமிடம்

குழுவின் உள் கருத்தரங்கில் இருபது நிமிடம் கேளுங்கள். ஒரே பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள், முழு நூலையும் வேண்டாம். பக்கத்தின் படத்தைத் திரையில் போட்டு, வரி வரியாக வாசியுங்கள். எங்கே யார் சொல்லிப் புரிந்ததோ அங்கே அவர் பெயரைச் சொல்லுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது தெரேசாவின் இரண்டாவது நூலில் மரப்பட்டையையும் உள்ளே இருக்கும் மென்தண்டையும் பற்றிப் பேசும் இடம். வலிய பட்டை மென்தண்டைக் காக்கிறது, மென்தண்டு பட்டைக்கு உயிர் கொடுக்கிறது. ஆணும் பெண்ணும் அப்படியே என்கிறார். பேசி முடித்ததும் ஓவிய வரலாற்றுக்காரர் கை தூக்கி, அந்தக் காலத்து ஒட்டுமரத் தோட்டக்கலை நூல்களைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்க்கவில்லை. மறுநாள் காலை அவர் மேசைக்குப் போனேன்.